சட்டத்தில் வரும் லத்தீன் சொற்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நீதிமன்ற ஆவணங்களை மொழிபெயர்ப்பது என் வேலை. காகிதத்தோடு வருகிறவர்கள் எங்கே விரல் வைப்பார்கள் என்பது எனக்குப் பழகிவிட்டது. பத்துப் பக்கத் தீர்ப்பை எப்படியோ படித்து முடித்திருப்பார்கள். சாய்வெழுத்தில் இருக்கும் இரண்டு சொற்களில் வந்து நின்றுவிட்டிருப்பார்கள். பல நேரங்களில் அவர்களுடைய வழக்கே அந்த இரண்டு சொற்களுக்குள்தான் இருக்கும். அப்படிக் கேட்கப்பட்ட கேள்விகளும் நான் சொன்ன பதில்களும் இவை.

யாரும் பேசாத மொழி சட்டத்துக்குள் எப்படி வந்து உட்கார்ந்தது?

ரோமானியர்கள் சட்டத்தை எழுதினார்கள், தொகுத்தார்கள், பாதுகாத்தார்கள். பேரரசர் ஜஸ்டினியன் காலத்தில், 529 முதல் 534 வரையிலான ஆண்டுகளில், அந்தப் பெருந்தொகுப்பு உருவானது. பல நூற்றாண்டுகள் கழித்து இத்தாலியின் போலோன்யா நகரில் அதைப் பாடமாக நடத்தத் தொடங்கினார்கள். ஐரோப்பாவின் பல மூலைகளிலிருந்தும் மாணவர்கள் அங்கே போய்ப் படித்துவிட்டு, அந்தச் சொற்களோடு ஊர் திரும்பினார்கள். திருச்சபையின் நீதிமன்றங்களும் லத்தீனிலேயே நடந்தன.

இங்கிலாந்தில் நிலைமை இன்னும் சிக்கல். 1066இல் நார்மானியர் நாட்டைப் பிடித்த பிறகு காலப்போக்கில் வாதம் பிரெஞ்சிலும் பதிவேடு லத்தீனிலும் நடக்கலாயின. வழக்காடியவர்கள் வீட்டில் பேசியதோ ஆங்கிலம். தன் நிலத்தைப் பற்றித் தன் முன்னால் நடக்கும் பேச்சே புரியாமல் ஒரு விவசாயி நின்றிருப்பார். 1362இல் வாதத்தை ஆங்கிலத்தில் நடத்தச் சட்டம் வந்தது. பதிவேடு மட்டும் லத்தீனில் தொடர்ந்தது. 1650இல், மன்னர் இல்லாத குடியரசுக் காலத்தில், அதையும் ஆங்கிலத்துக்கு மாற்றினார்கள். 1660இல் மன்னராட்சி திரும்பியபோது லத்தீனும் கூடவே திரும்பியது. 1730இல் இயற்றப்பட்டு 1733இல் நடைமுறைக்கு வந்த சட்டம்தான் கடைசியாக அதை வெளியேற்றியது.

மொழி போய்விட்டது, சொற்கள் தங்கிவிட்டன. அதற்கு நியாயமான காரணம் ஒன்று உண்டு. 'மென்ஸ் ரியா' (குற்ற மனம்) என்று ஒரு வழக்கறிஞர் எழுதினால், அந்த இரண்டு சொற்களின் பின்னால் எத்தனை தலைமுறைத் தீர்ப்புகள் வரிசையில் நிற்கின்றன என்பது எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கும் நீதிபதிக்கும் தெரியும். பேச்சுமொழிச் சொல்லின் பொருள் காலத்தோடு நகரும். இவை நகராமல் நிற்கின்றன. நியாயமில்லாத காரணமும் ஒன்று உண்டு: சாதாரண மனிதரை வெளியே நிறுத்த இதைவிட நல்ல வேலி கிடையாது. முதல் காரணத்தை மதிக்கிறேன். இரண்டாவதற்கு இடம் கொடுக்கக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

இவற்றைப் புரிந்துகொள்ள லத்தீன் இலக்கணம் படிக்க வேண்டுமா?

வேண்டாம். ஒரே ஒரு விஷயம் தெரிந்தால் பாதிச் சுமை இறங்கிவிடும். இவற்றில் பல, ஒரு வாக்கியத்தின் தலைப்பகுதிகள். முழு வாக்கியத்தையும் யாரோ ஒருவர் யாரோ ஒருவரிடம் சொன்னார். நமக்கு வந்து சேர்ந்தது முதல் ஒன்றிரண்டு சொற்கள் மட்டுமே. இது நமக்குப் புதிதும் அல்ல. ஆத்திசூடியும் கொன்றை வேந்தனும் பெயர் பெற்றது இப்படித்தான்: பாடலின் தொடக்கச் சொல்லே நூலின் பெயராக நின்றுவிட்டது. பழைய அரசாணைகளுக்கும் அதே கதை நேர்ந்தது.

'மாண்டமஸ்' என்றால் 'ஆணையிடுகிறோம்'. மன்னர் தம்மை 'நாம்' என்று சொல்லிக்கொண்டு, கடமையைச் செய்யாத அதிகாரிக்கு எழுதிய ஓலை அது. இன்றும் ஓர் அலுவலர் சட்டப்படி செய்தே தீர வேண்டியதைச் செய்யாதபோது நீதிமன்றம் அவருக்கு விடுப்பது இந்த ஆணையைத்தான். 'கோ வாரண்டோ' ஒரு கேள்வி: 'எந்த அதிகாரத்தின் பேரில்?' ஒரு பதவியில் உட்கார்ந்திருப்பவரைப் பார்த்து, 'இங்கே உட்கார உமக்கு உரிமை தந்தது எது?' என்று கேட்பது. 'செர்ஷியோராரி' என்பது 'எமக்குத் தெளிவாக அறிவிக்கப்பட வேண்டும்' என்ற தொடரிலிருந்து வந்தது. கீழ்மன்றத்தின் கோப்பை மேலே வரவழைத்துப் பார்ப்பது. 'சப்பீனா' என்பது 'தண்டனையின் கீழ்'; வராவிட்டால் தண்டனை உண்டு என்று சாட்சிக்கு விடுத்த அழைப்பு. 'கேவியட்' என்றால் 'எச்சரிக்கையாக இருக்கட்டும்'. என்னைக் கேட்காமல் உத்தரவு போட்டுவிடாதீர்கள் என்று முன்கூட்டியே நீதிமன்றத்தில் சொல்லி வைப்பது.

ஆகவே லத்தீன் சொல்லைப் பார்த்தால், 'இதை யார், யாரிடம் சொல்கிறார்?' என்று கேளுங்கள். அகராதி பிறகு.

ஹேபியஸ் கார்பஸ் என்றால் 'உடலைக் கொண்டுவா' என்கிறார்கள். கேட்கவே பயமாக இருக்கிறதே?

பயம் மொழிபெயர்ப்பில் வந்தது. 'கார்பஸ்' என்றால் உடல்தான், ஆனால் உயிரோடு இருக்கும் ஆளின் உடல். தமிழில் இதை 'ஆட்கொணர்வு' என்று ஆக்கியவரை நான் மனதுக்குள் பலமுறை வணங்கியிருக்கிறேன். ஆள், கொணர்வு: இரண்டு சொல்லில் மூலத்தின் எலும்பும் சதையும் வந்துவிட்டன.

இந்த வாக்கியம் சிறையில் இருப்பவரைப் பார்த்துச் சொல்லப்படுவதில்லை. பிடித்து வைத்திருப்பவரைப் பார்த்துச் சொல்லப்படுகிறது. 'நீ வைத்திருக்கும் அந்த ஆளை, எந்தக் காரணத்தால் வைத்திருக்கிறாய் என்ற விளக்கத்தோடு, எம் முன்னால் கொண்டுவந்து நிறுத்து.' பிடித்து வைத்திருப்பவர் சிறை அதிகாரியாகத்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை.

1771இல் லண்டனில் நடந்ததைப் பாருங்கள். ஜேம்ஸ் சாமர்செட் என்ற ஆப்பிரிக்கரை அடிமையாக வைத்திருந்தவர் அமெரிக்காவிலிருந்து இங்கிலாந்துக்கு அழைத்து வந்திருந்தார். சாமர்செட் தப்பித்தார், பிடிபட்டார், ஜமைக்காவுக்குப் போகவிருந்த ஒரு கப்பலில் விலங்கிடப்பட்டார். கப்பல் கிளம்பிவிட்டால் கதை முடிந்தது. அவருக்கு ஞானஸ்நானத்தின்போது ஞானப்பெற்றோராக நின்ற மூன்று பேர் நீதிமன்றத்துக்கு ஓடினார்கள். ஆணை கப்பல் தலைவரின் பெயருக்குப் போனது: ஆளைக் கொண்டுவா. அவர் கொண்டுவந்தார். 1772 ஜூன் 22 அன்று நீதிபதி மான்ஸ்ஃபீல்டு, இப்படி ஓர் ஆளைப் பலவந்தமாக நாட்டைவிட்டுக் கொண்டுபோவதற்கு இங்கிலாந்தின் சட்டத்தில் இடமில்லை என்று சொல்லி அவரை விடுவித்தார். பேரரசு முழுவதும் அடிமைமுறை ஒழிய இன்னும் அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. ஆனால் அன்று அந்த ஒரு மனிதர் நீதிமன்றத்திலிருந்து நடந்து வெளியே போனார்.

இதில் கவனிக்க வேண்டியவை இரண்டு. மனுவை அவருக்காக வேறு ஆட்கள் போட்டார்கள். அடைபட்டவரால் நீதிமன்றப் படியேற முடியாது என்பதைச் சட்டம் புரிந்துகொண்டிருக்கிறது. அடுத்தது, நேரம். 1679இல் இங்கிலாந்து இயற்றிய சட்டம், இருபது மைல் தொலைவுக்குள் அடைத்து வைத்திருந்தால் மூன்று நாளில் ஆளைக் கொண்டுவர வேண்டும் என்று நாள்கணக்கே குறித்தது. இந்த மனு ஒருவர் குற்றவாளியா இல்லையா என்று தீர்மானிப்பதில்லை. அடைத்து வைத்தது சட்டப்படியா என்ற ஒன்றை மட்டும் கேட்கிறது.

'பிரைமா ஃபேஸி குற்றம் இருக்கிறது' என்று நீதிபதி சொன்னால், குற்றம் நிரூபணமாகிவிட்டதா?

இல்லை. இதைத் தவறாகப் புரிந்துகொண்டு உடைந்துபோன குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். 'பிரைமா ஃபேஸி' என்றால் 'முதல் முகத்தோற்றத்தில்'. மறுதரப்பு இன்னும் பேசவில்லை, சாட்சிகள் குறுக்கு விசாரணைக்கு ஆளாகவில்லை, இப்போதைக்குக் கண்ணுக்குத் தெரிவதை வைத்துப் பார்த்தால் விசாரிக்க வேண்டிய விஷயம்தான் என்று பொருள். தமிழில் 'முகாந்திரம் இருக்கிறது' என்று எழுதுகிறோம். லத்தீனிலும் முகம், தமிழிலும் முகம், அழகான பொருத்தம். முகத்தைப் பார்த்திருக்கிறார்கள், அகத்தைப் பார்க்கவில்லை.

'எக்ஸ் பார்ட்டி' என்றால் முன்னாள் கட்சிக்காரரா?

இந்தக் கேள்வியை ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார். கையில் ஒரு தீர்ப்பு நகல். நான்காக மடித்து மடித்து, மடிப்பு விழுந்த இடத்தில் எழுத்தே தேய்ந்திருந்தது. தன் பெயருக்கு நேரே இந்தச் சொல் இருந்ததால், 'என்னை வழக்கிலிருந்து நீக்கிவிட்டார்கள், இனி எனக்குத் தொல்லை இல்லை' என்று இத்தனை நாள் நிம்மதியாக இருந்திருக்கிறார். நான் பொருளைச் சொன்னபோது அவர் எதுவும் பேசவில்லை. காகிதத்தை மறுபடியும் அதே மடிப்பில் மடித்தார்.

'எக்ஸ்' என்றால் இங்கே 'இலிருந்து'. 'பார்ட்டே' என்றால் 'ஒரு தரப்பு'. ஒரு தரப்பிலிருந்து மட்டும் கேட்டு முடிவு செய்தது. நீங்கள் வரவில்லை, உங்கள் பக்கத்தைச் சொல்லவில்லை, எதிர்த்தரப்பு சொன்னதை வைத்தே தீர்ப்பு எழுதப்பட்டது என்பதே அதன் பொருள். அது முழு வலுவுள்ள தீர்ப்பு. அதைத் தள்ளிவைக்கச் சொல்லி மனுப் போட வழி இருக்கிறது. வராததற்குத் தக்க காரணம் காட்ட வேண்டும். அதற்குக் காலக்கெடுவும் உண்டு. எனவே இந்தச் சொல் உங்கள் பெயரோடு ஒரு காகிதத்தில் வந்தால், அன்றைக்கே வழக்கறிஞரைப் பாருங்கள்.

அவசரத்தில் நீதிமன்றமே எக்ஸ் பார்ட்டியாக இடைக்கால உத்தரவு போடுவதும் உண்டு. நாளை காலை ஒரு கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள் என்றால், மறுதரப்புக்கு அறிவிப்பு அனுப்பிக் காத்திருக்க முடியாது. அது தற்காலிக ஏற்பாடு. மறுதரப்பு வந்ததும் எல்லாம் மறுபடி கேட்கப்படும்.

மறுதரப்பைக் கேட்க வேண்டும் என்பதற்கும் ஒரு லத்தீன் தொடர் உண்டாமே?

'ஆடி ஆல்டரம் பார்ட்டம்': மறுதரப்பையும் கேள். 1718இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் ரிச்சர்டு பென்ட்லி என்ற அறிஞரின் பட்டங்களை அவரை விசாரிக்காமலே பறித்தது. வழக்கு வந்தபோது ஒரு நீதிபதி சொன்னார்: கடவுளே ஆதாமை அழைத்து, அவன் பக்கத்தைக் கேட்ட பிறகுதான் தண்டித்தார். பல்கலைக்கழகம் பட்டங்களைத் திருப்பித் தர வேண்டியதாயிற்று.

நமக்கு இந்தத் தொடரை விளக்க ஏதேன் தோட்டம் வரை போக வேண்டியதில்லை. பாண்டியன் பொற்கொல்லன் சொன்னதைக் கேட்டான். கோவலனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. குற்றம் சாட்டியவனே திருடன் என்பது, கேட்டிருந்தால் வெளியே வந்திருக்கக்கூடிய செய்தி. கண்ணகி அவையில் சிலம்பை உடைத்தது, கொல்லப்பட்ட தரப்புக்கு மறுக்கப்பட்ட விசாரணையைத்தான் நடத்திக் காட்டியது.

இதன் இணை விதி 'நெமோ ஜூடெக்ஸ் இன் காசா சுவா': தன் வழக்கில் தானே நீதிபதியாக இருக்கக் கூடாது. இரண்டும் சேர்ந்ததுதான் இயற்கை நீதி என்று சட்டத்தில் சொல்வது.

'இன் கேமரா' விசாரணை என்றால் வீடியோவில் பதிவு செய்வதா?

நேர் எதிர். லத்தீனில் 'கேமரா' என்றால் அறை. கதவைச் சாத்திக்கொண்டு, பொதுமக்களையும் பத்திரிகையாளர்களையும் வெளியே இருக்கச் சொல்லி நடத்தும் விசாரணை. பாலியல் குற்றங்கள், குழந்தைகள் சம்பந்தப்பட்டவை, குடும்ப வழக்குகள் ஆகியவற்றில் வரும். படம் எடுக்கும் கருவிக்கு அந்தப் பெயர் வந்ததும் அறையால்தான். 'கேமரா அப்ஸ்கியூரா' என்ற 'இருட்டறை'யின் சுருக்கம் அது.

குற்றம் செய்யும் எண்ணமே இல்லை என்றால் தண்டனை உண்டா?

மழை நாளில் ஒரு கூட்டம் முடிந்து வெளியே வருகிறீர்கள். வாசலில் கறுப்புக் குடைகள் பத்து. உங்களுடையது என்று நினைத்து ஒன்றை எடுத்துக்கொண்டு போய்விடுகிறீர்கள்; அது வேறொருவருடையது. பிறர் பொருளை எடுத்த செயல் நடந்துவிட்டது. இது 'ஆக்டஸ் ரியஸ்', குற்றச் செயல். திருடும் எண்ணம் இல்லை. இல்லாத அந்த எண்ணம்தான் 'மென்ஸ் ரியா', குற்ற மனம். இரண்டும் ஒரே நேரத்தில் கூடினால்தான் திருட்டு. மனம் குற்றமுள்ளதாக இல்லாதவரை செயல் மட்டும் ஒருவரைக் குற்றவாளியாக்காது என்ற பழைய லத்தீன் வாக்கியத்தை உடைத்துத்தான் இந்த இரண்டு சொற்களையும் எடுத்தார்கள்.

இங்கே பலரும் வழுக்கும் இடம் ஒன்று உண்டு. எண்ணம் வேறு, காரணம் வேறு. பசித்த குழந்தைக்காக ரொட்டியைத் திருடியவருக்குக் காரணம் இரக்கமானது. ஆனால் பிறர் பொருள் என்று தெரிந்தே எடுக்கும் எண்ணம் இருந்தது. குற்ற மனம் அங்கே இருக்கிறது. காரணத்தைத் தண்டனையின் அளவை முடிவு செய்யும்போது பார்ப்பார்கள்.

இன்னொன்று: எல்லாக் குற்றங்களுக்கும் குற்ற மனம் தேவை இல்லை. வேக வரம்பை மீறியவர் 'நான் வேகமானியைப் பார்க்கவில்லை' என்று சொல்லித் தப்ப முடியாது. 'இப்படி ஒரு சட்டம் இருப்பதே எனக்குத் தெரியாது' என்பதும் எடுபடாது. 'இக்னொரான்ஷியா ஜூரிஸ் நான் எக்ஸ்கியூசாட்', சட்டம் தெரியாமை மன்னிப்பாகாது. கடுமையான விதிதான். தெரியாது என்பதை ஏற்றுக்கொண்டால் தெரிந்துகொள்ளாமல் இருப்பவருக்கே லாபம் என்பதால் வைத்திருக்கிறார்கள்.

ஒரு தீர்ப்பில் நீதிபதி எழுதிய எல்லா வரிகளும் சட்டமாகிவிடுமா?

ஆகாது. தீர்ப்புக்கு ஆதாரமாக நிற்கும் காரணம் 'ரேஷியோ டெசிடெண்டி'. போகிற போக்கில் சொன்னவை 'ஒபிடர் டிக்டா'. முதலாவது பின்வரும் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தும். இரண்டாவது மரியாதைக்குரியது, கட்டாயம் அல்ல.

பிரிப்பது எவ்வளவு கடினம் என்பதற்கு ஒரு நத்தையைச் சொல்லலாம். 1928 ஆகஸ்டில் ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி நகரில் மே டோனஹூ என்ற பெண்ணுக்கு அவருடைய தோழி ஒரு ஜிஞ்சர் பீர் வாங்கித் தந்தார். பாட்டில் உள்ளே இருப்பது தெரியாத நிறம். பாதி குடித்த பிறகு மீதியை ஊற்றும்போது அழுகிய நத்தை ஒன்று மிதந்து வந்ததாகவும், தனக்கு உடல்நலம் கெட்டதாகவும் அவர் வழக்குப் போட்டார். பணம் கொடுத்தது தோழி என்பதால் இவருக்கும் கடைக்காரருக்கும் ஒப்பந்தம் இல்லை. தயாரித்தவர் மீது வழக்குப் போட முடியுமா? 1932இல், அந்நாட்டின் கடைசி மேல்முறையீட்டு மன்றமாக அப்போது இருந்த பிரபுக்கள் சபை, மூவருக்கு இருவர் என்ற கணக்கில் முடியும் என்றது.

அந்தத் தீர்ப்பின் ரேஷியோ எது? 'பாட்டிலில் நத்தை இருந்தால் தயாரிப்பாளர் பொறுப்பு' என்று படித்தால் அது ஒரே ஒரு பாட்டிலோடு முடிந்துவிடும். 'நுகர்வோர் இடையில் சோதித்துப் பார்க்க வழியில்லாத பொருளைச் செய்பவர், அந்த நுகர்வோரிடம் கவனமாக இருக்கக் கடமைப்பட்டவர்' என்று படித்தால் உணவு, மருந்து, வாகனம் எல்லாம் உள்ளே வருகின்றன. பின்வந்த நீதிபதிகள் இரண்டாவது வழியில்தான் படித்தார்கள். நத்தை உண்மையில் இருந்ததா என்பது கடைசி வரை விசாரிக்கப்படவே இல்லை. சட்டக் கேள்வி முடிந்த பின் வழக்கு சமரசமானது.

'ரெஸ் இப்சா லாக்விட்டர்': பொருளே பேசும் என்கிறார்கள். எப்படிப் பேசும்?

லிவர்பூலில் ஒருவர் தெருவில் நடந்துகொண்டிருந்தார். மாவு வியாபாரியின் கிடங்கு ஜன்னலிலிருந்து ஒரு பீப்பாய் மாவு அவர் மேல் விழுந்தது. யார் கைதவறியது, எந்தக் கயிறு அறுந்தது என்று அடிபட்டவரால் எப்படிச் சொல்ல முடியும்? 1863இல் வழக்கைக் கேட்ட நீதிபதி பொல்லாக், சில நிகழ்ச்சிகளே கவனக்குறைவுக்குச் சாட்சி என்றார். ஒழுங்காகக் கவனித்திருந்தால் பீப்பாய் தானாக ஜன்னல் வழியே இறங்கி வராது. அலட்சியம் இல்லை என்று விளக்க வேண்டியவர் கிடங்குக்காரர். அறுவைச் சிகிச்சைக்குப் பின் வயிற்றுக்குள் பஞ்சு கிடந்தது போன்ற வழக்குகளில் இந்தத் தொடரை இன்றும் காண்பீர்கள்.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுகிறேன். எந்தச் சொற்களைக் கவனிக்க வேண்டும்?

முதலில் மிகச் சிறிய இரண்டு: 'ஐ.ஈ.', 'ஈ.ஜி.'. முதலாவது 'இட் எஸ்ட்', அதாவது. இரண்டாவது 'எக்ஸெம்ப்ளி கிராஷியா', எடுத்துக்காட்டாக. 'பழுதுச் செலவுகள், அதாவது குழாயும் மின்சாரமும்' என்றால் அந்த இரண்டு மட்டும்தான். 'எடுத்துக்காட்டாகக் குழாயும் மின்சாரமும்' என்றால் கூரை, சுவர், கதவு எல்லாம் பின்னால் வரலாம். ஓர் எழுத்து மாறியதால் வருடக்கணக்கில் சண்டை நடக்கும்.

'புரோ ரேட்டா' என்பது விகிதப்படி. 'பாரி பாசு' என்பது சம அடியெடுத்து. கடன் கொடுத்தவர்களில் யாருக்கும் முன்னுரிமை இல்லாமல். 'முட்டாட்டிஸ் முட்டாண்டிஸ்' என்றால் மாற்ற வேண்டியவற்றை மட்டும் மாற்றிக்கொண்டு. பழைய ஒப்பந்தத்தின் நிபந்தனைகள் இதற்கும் பொருந்தும் என்று சொல்லும்போது வரும். அந்தப் பழைய ஒப்பந்தத்தைக் கேட்டு வாங்கிப் படிக்காமல் கையெழுத்திடாதீர்கள்.

'கன்சென்சஸ் ஆட் இடெம்' என்பது இரு மனமும் ஒரே பொருளில் கூடுவது. பம்பாயிலிருந்து பியர்லெஸ் என்ற கப்பலில் வரும் பருத்தியை வாங்க லிவர்பூலில் ஒருவர் ஒப்புக்கொண்டார். அந்தப் பெயரில் இரண்டு கப்பல்கள் இருந்தன: ஒன்று அக்டோபரில் கிளம்பியது, ஒன்று டிசம்பரில். வாங்குபவர் முதலாவதை நினைத்தார், விற்பவர் இரண்டாவதை. காகிதத்தில் ஒரே பெயர், மனதில் இரண்டு கப்பல். 1864இல் வழக்கு வந்தபோது, மனங்கள் கூடவே இல்லை, ஆகவே ஒப்பந்தமும் இல்லை என்று வாங்குபவரின் வழக்கறிஞர் வாதிட்டார். தீர்ப்பு அவர் பக்கமே வந்தது. மாவுப் பீப்பாய் வழக்கைக் கேட்ட அதே பொல்லாக்தான் அந்த அமர்விலும் இருந்தார்.

லத்தீனில் சொல்லிவிட்டால் அது சரியாகத்தான் இருக்குமா?

இந்தக் கேள்விக்கு எனக்குக் கோபத்தோடுதான் பதில் வருகிறது. 'டெர்ரா நல்லியஸ்' என்று ஒரு தொடர் உண்டு: யாருக்கும் சொந்தமில்லாத நிலம். ஆயிரக்கணக்கான தலைமுறைகளாக மக்கள் வாழ்ந்த ஆஸ்திரேலியாவை, குடியேறியவர்களின் சட்டம் அப்படித்தான் நடத்தியது. டோரஸ் நீரிணையில் இருக்கும் மெர் தீவைச் சேர்ந்த எடி மாபோவும் அவருடைய மக்கள் சிலரும் 1982இல் வழக்குப் போட்டார்கள். தங்கள் தோட்டங்களின் எல்லை எங்கே, யாருக்குப் பின் யாருக்கு என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். பத்து ஆண்டுகள் வழக்கு நடந்தது. 1992 ஜூன் 3 அன்று ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் அந்தக் கொள்கையைத் தள்ளி, நிலத்தில் பூர்வகுடிகளின் உரிமையை ஏற்றது. மாபோ அதைக் கேட்க இல்லை. அந்த ஆண்டு ஜனவரியிலேயே இறந்துவிட்டார். இரண்டு லத்தீன் சொற்களுக்குள் ஒரு மக்கள் கூட்டத்தையே காணாமல் போகச் செய்ய முடியும். அதனால்தான் பொருள் கேட்பது முக்கியம்.

'சுவோ மோட்டோ'வா, 'சுவோ மோட்டு'வா? உச்சரிப்பு எது சரி?

இலக்கணப்படி 'மோட்டு'. தன் சொந்த முனைப்பால் என்று பொருள். யாரும் மனுப் போடாமல் நீதிமன்றம் தாமாக முன்வந்து எடுக்கும் வழக்கு. 'மோட்டோ' அச்சிலேயே பரவலாகிவிட்டது. அமெரிக்காவில் இதையே 'சுவா ஸ்பாண்டே' என்பார்கள்.

உச்சரிப்பில் ஒரே விடை இல்லை. நீதிமன்றத்தில் 'பிரைமா ஃபேஷி' என்றும் 'ஃபேஸி' என்றும் கேட்கும் தொடரைத் திருச்சபை மரபினர் 'ப்ரீமா ஃபாச்சியே' என்பார்கள். பண்டைய ரோமில் 'ப்ரீமா ஃபாக்கியே' என்றிருப்பார்கள். அவர்கள் வாயில் ரோமானியப் பேச்சாளர் சிசரோவே 'கிக்கெரோ'தான். உங்கள் நீதிமன்றத்தில் சொல்கிறபடி சொல்லுங்கள். ஒன்றில் மட்டும் கவனம் தேவை: 'அல்ட்ரா வைரீஸ்' என்பதைப் பலர் 'வைரஸ்' என்று படிக்கிறார்கள். 'வைரீஸ்' என்பது அதிகாரங்கள். அதிகார வரம்பைத் தாண்டியது என்று பொருள்.

கடினமாக ஒலிக்கும் சட்டச் சொற்கள் எல்லாமே லத்தீனா?

இல்லை. எஸ்டாப்பல் (முன்பு சொன்னதை மறுக்க விடாத தடை), ஃபோர்ஸ் மஜூர் (கைமீறிய நிகழ்வு), மார்ட்கேஜ் (அடமானம்) எல்லாம் பிரெஞ்சு வழி வந்தவை. மார்ட்கேஜ் என்றால் 'செத்த அடகு'. கடனைக் கட்டாவிட்டால் நிலம் அடகு வைத்தவருக்குச் செத்தது, கட்டிவிட்டால் அடகு கடன் கொடுத்தவருக்குச் செத்தது என்று பழைய சட்ட அறிஞர்கள் விளக்கினார்கள்.

இன்னும் சில சொற்களைச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

'லோகஸ் ஸ்டாண்டி': நிற்கும் இடம், அதாவது வழக்குப் போடும் தகுதி. 'ரெஸ் ஜூடிகாட்டா': ஏற்கெனவே தீர்த்து முடித்த விஷயம், அதே ஆட்கள் அதே வழக்கை மறுபடி கொண்டுவர முடியாது. 'சப் ஜூடிஸ்': நீதிபதியின் பார்வையில் இருப்பது, நிலுவையில் உள்ளது. 'அமிகஸ் கியூரி': நீதிமன்றத்தின் நண்பர், எந்தத் தரப்புக்கும் வேலை செய்யாமல் நீதிமன்றத்துக்கு உதவ வரும் வழக்கறிஞர். 'அலிபை': வேறிடத்தில், சம்பவ நேரத்தில் நான் அங்கே இல்லை என்ற வாதம். 'சைனி டை': நாள் குறிக்காமல் ஒத்திவைப்பு. காத்திருப்பவருக்கு இதைவிடக் கசப்பான லத்தீன் கிடையாது.

இந்தச் சொற்கள் எல்லாம் ஒழியாதா?

சில இடங்களில் ஒழிந்துகொண்டிருக்கின்றன. இங்கிலாந்தில் 1999 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த உரிமையியல் விதிகள் எக்ஸ் பார்ட்டியை 'அறிவிப்பு இல்லாமல்' என்றும், இன் கேமராவை 'தனிமையில்' என்றும், சப்பீனாவைச் 'சாட்சி அழைப்பாணை' என்றும் மாற்றின. பின்னர் மாண்டமஸும் செர்ஷியோராரியும் அங்கே எளிய பெயர் பெற்றன. ஹேபியஸ் கார்பஸை மட்டும் யாரும் தொடவில்லை. எனக்கு அது சரியென்றே படுகிறது. சாமர்செட்டைக் கப்பலிலிருந்து இறக்கிய சொல் அது.

வழக்கறிஞரிடம் பொருள் கேட்டால் தவறாக நினைப்பாரா?

நல்ல வழக்கறிஞர் நினைக்க மாட்டார். குறிப்பாக ஒரு காகிதத்தில் கேட்டே ஆக வேண்டும்: அஃபிடவிட். 'அவர் சத்தியம் செய்திருக்கிறார்' என்பது அந்தச் சொல்லின் பொருள். அந்த 'அவர்' நீங்கள்தான். தட்டச்சு செய்தவர் வேறு, வாசகம் எழுதியவர் வேறு. பொய் என்று தெரிந்தால் நீதிமன்றம் கூப்பிடுவது உங்களை. கையெழுத்திடும் முன் ஒவ்வொரு பத்தியையும் உங்களுக்குப் புரியும் மொழியில் படித்துக் காட்டச் சொல்லுங்கள். ஒரு வரி உண்மைக்கு மாறாக இருந்தால், அடித்துத் திருத்தித் தரும் வரை பேனாவை மூடியே வைத்திருங்கள்.